பூனைக்குட்டி கடிக்கிறது: தட்டுவதா, விளையாட்டுக் காட்டுவதா, இன்னொரு குட்டி எடுப்பதா?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தொடர்மாடிகளில் புதிதாகப் பூனைக்குட்டி எடுத்தவர்கள் முதலில் சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் இதுதான்: "கையைக் கண்டாலே பாயுது. காலைக் கடிக்குது. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை." அதற்குள் ஆளாளுக்கு ஒரு புத்திமதி சொல்லியிருப்பார்கள். மூக்கில் தட்டு என்பார் பக்கத்து வீட்டுக்காரர். தண்ணீர் பீய்ச்சு என்பார் கூட வேலை செய்பவர். கையில் வேப்பெண்ணெய் பூசு என்பார் அம்மம்மா. ஏற்கெனவே வீடு நிறையப் பூனை வைத்திருப்பவர் இன்னொரு குட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்பார். கோயிலடியிலோ மீன் சந்தையடியிலோ கொண்டுபோய் விட்டுவிடு என்று சொல்பவரும் இருக்கிறார்.

இவற்றில் சில பயன் தரும், சில ஒன்றும் செய்யாது, சில கடியைக் கூட்டிவிடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்குச் சரியான வழி, தினமும் நேரம் ஒதுக்கி வேட்டை விளையாட்டுக் காட்டுவதும், பல் பட்டதும் அசையாமல் நின்று விலகுவதும்தான். பகல் முழுக்க ஆளில்லாத வீட்டுக்கு, குட்டி இன்னும் சிறியது என்றால், இரண்டாவது குட்டி அதைவிட நல்ல வழியாக இருக்கலாம். அடிப்பது, தண்ணீர் பீய்ச்சுவது இரண்டையும் எந்த வீட்டுக்கும் நான் சொல்லமாட்டேன்.

ஏன் கடிக்கிறது

பூனைக்குட்டிக்குப் பிறந்து மூன்றாம் வாரமளவில் பால்பல் முளைக்கத் தொடங்கும். ஆறாம் வாரமளவில் 26 பல்லும் வந்துவிடும். ஏழெட்டு வாரத்தில் ஓடுகிற எதையும் துரத்தத் தொடங்கும். ஒன்பதாம் வாரத்துக்கும் பதினாலாம் வாரத்துக்கும் இடையில் கூடப்பிறந்தவற்றோடு கட்டிப்பிடித்து உருண்டு சண்டை போடுவது உச்சத்தில் இருக்கும். நாங்கள் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவதும் ஏறக்குறைய இந்த வயதில்தான்.

கூடப்பிறந்தவற்றோடு இருக்கும் குட்டி எட்டிக் கடிக்கும்போது, கடி பலமாகிவிட்டால் மற்றது கத்தும், அல்லது திருப்பிக் கடிக்கும், அல்லது எழுந்து போய்விடும். தாயும் பொறுத்துக்கொண்டிருக்காது, முன்காலால் அமத்திப் பிடிக்கும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்பதைக் குட்டி அங்கேதான் பழகுகிறது. தனியாக வந்த குட்டிக்கு அது வாய்க்கவில்லை. அது உங்கள் மேல் கோபத்தில் கடிக்கவில்லை, குணங்கெட்ட பூனையும் இல்லை. விளையாடத் துணை இல்லாததால் உங்கள் கையைத் துணையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. இதை விளங்கிக்கொண்டால் எந்த வழியைத் தெரிவது என்பதில் பாதி முடிந்துவிடும்.

பின்லாந்தின் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டுப் பூனைகளின் விபரங்களைத் திரட்டி 2017இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை பின்னாளில் ஆக்கிரமிப்புக் காட்டும் வாய்ப்புக் கூட என்று கண்டார்கள். பதினாலு வாரமாவது தாயோடு விடும்படி அவர்கள் சொன்னார்கள். கொழும்பில் நடப்பது நேர்மாறு. அட்டைப்பெட்டியில் போட்டுச் சந்தை வாசலில் விடப்படுகிற குட்டிகளில் பல நாலைந்து வாரக் குட்டிகள்தான். கொடுத்தவர் "ரெண்டு மாசம்" என்று சொல்லியிருந்தாலும் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு 450 கிராம் அளவில் ஏறும் என்பது பொதுக் கணக்கு. இரண்டு மாதக் குட்டி 800, 900 கிராம் இருக்கவேண்டும். ஐந்நூறு கிராமில், கண் இன்னும் நீலமாக இருந்தால் அது இன்னும் தாயோடு இருக்கவேண்டிய குட்டி.

ஆகவே இன்னும் குட்டி எடுக்காதவர்களுக்கு, எல்லா வழிகளிலும் மேலான வழி ஒன்று திறந்திருக்கிறது. தாய் பக்கத்திலேயே இருக்கிறதென்றால், கடையின் பின்பக்கத்திலோ உங்கள் மாடிப்படியின் கீழோ குட்டிகளை வைத்துப் பால் கொடுக்கிறதென்றால், அங்கேயே சாப்பாடு வைத்து, தினமும் கொஞ்ச நேரம் குட்டிகளைக் கையால் தொட்டுப் பழக்கிவிட்டு, எட்டு வாரமாவது, முடிந்தால் பன்னிரண்டு வாரம் பொறுத்து எடுங்கள். மனிதரோடு பழகுவதற்கு மிக நல்ல காலம் இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை என்பதால், தாயோடு விட்டாலும் தொட்டுப் பழக்குவதை விடக்கூடாது. குட்டிகள் பால் மறந்த பிறகு தாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிட்டால் அடுத்த பெட்டி சந்தை வாசலுக்கு வராது.

கடி தோலைக் கிழித்திருந்தால்

எந்த வழி நல்லது என்று யோசிப்பதற்கு முன் இது முடியவேண்டும். இரத்தம் வந்திருந்தால் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நேரம் அதுதான். மஞ்சள், கோப்பித்தூள் ஒன்றும் காயத்தில் வைக்கவேண்டாம். பிறகு வைத்தியரிடம் காட்டுங்கள்.

இலங்கையில் விசர் நோய், அதாவது நீர்வெறுப்பு நோய், இன்னும் ஒழியவில்லை. அது நாய்க்கு மட்டும் வருவதும் அல்ல. தெருவிலிருந்து எடுத்த, ஊசி போடாத குட்டி கடித்தால் "சின்னக் குட்டிதானே" என்று விடக்கூடாது. அறிகுறி வந்த பின் காப்பாற்ற முடியாத நோய் அது, நேரத்தோடு ஊசி போட்டால் முற்றாகத் தடுக்கலாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் மற்ற அரச வைத்தியசாலைகளிலும் இதற்கான ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். சின்னப்பிள்ளைகளைப் பொரளைச் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம். ஊசி வேண்டுமா, குட்டியைச் சில நாள் கவனித்தால் போதுமா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். கடித்த குட்டி அந்த நாட்களில் செத்துப்போனாலோ காணாமல் போனாலோ உடனே அவருக்குச் சொல்லவேண்டும். செத்த குட்டியை அவரைக் கேட்காமல் புதைக்கவேண்டாம். விசர் நோயா என்று பரிசோதிக்கும் ஆய்வுகூடம் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் இருக்கிறது.

ஊசி போட்ட வீட்டுப் பூனை என்றாலும் ஆழமாக இறங்கிய கடியைச் சாதாரணமாக எடுக்கக்கூடாது. மெல்லிய பல் உள்ளே போய் வந்த பின் தோல் மேலே மூடிக்கொள்ளும், பெரும்பாலான பூனைகளின் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற கிருமி உள்ளே தங்கிவிடும். ஒரு நாளுக்குள்ளேயே சிவந்து, வீங்கி, விண் விண் என்று வலிக்கத் தொடங்கினால் அதுதான். விரல் மூட்டில், மணிக்கட்டில் கடி இறங்கினால் வீக்கம் வரும்வரை காத்திருக்கவேண்டாம். நீரிழிவு உள்ளவர்களும் வயதானவர்களும் அன்றைக்கே காட்டவேண்டும். ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) கடைசியாக எப்போது போட்டது என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

குட்டிக்கு விசர்த் தடுப்பூசி மூன்று மாதமளவில் போடப்படும். மற்ற ஊசிகள் அதற்கு முன்பே தொடங்கும். மிருக வைத்தியரிடம் முதல் தடவை போகும்போதே தேதிகளைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்டனை வழிகள்

மூக்கில் சுண்டுவது நல்லதென்று நம்புகிறவர்கள், தாய்ப்பூனையும் தட்டுகிறதே என்பார்கள். தாய் தட்டும் அதே நொடியில், அதே அளவில் தட்ட எங்களால் முடியாது. குட்டியின் கண்ணுக்கு மேலிருந்து வேகமாக வருகிற கை இரை, இல்லாவிட்டால் எதிரி. இரையென்று எடுத்துக்கொண்டால் இன்னும் பாயும். எதிரியென்று எடுத்துக்கொண்டால் பயந்து, காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு, உண்மையாகவே கடிக்கத் தொடங்கும். முதலில் விளையாட்டாக இருந்த கடி பயக்கடியாக மாறிவிட்டால் அதைத் திருத்துவது பல மடங்கு கடினம். கையைக் கண்டதும் கட்டிலுக்குக் கீழே ஓடிப்போகிற பெரிய பூனைகளைப் பார்த்திருக்கிறேன். குட்டியில் தட்டி வளர்த்தவை அவை. மனது கேட்பதில்லை.

கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்குவதும் இப்படித்தான். தாய் அப்படிக் கவ்விக்கொண்டு போவது இடம் மாற்றுவதற்கு, அதுவும் மிகச் சிறிய குட்டியை. தண்டிப்பதற்கு அல்ல.

தண்ணீர்ப் போத்தல் கொஞ்சம் நாகரிகமான தண்டனையாகத் தெரியும். அது அந்த நேரத்துக்குக் கடியை நிறுத்தவும் செய்யும், அதனால்தான் இவ்வளவு பேர் அதை நம்புகிறார்கள். ஆனால் குட்டி படிப்பது "கடிக்கக்கூடாது" என்பதை அல்ல, "போத்தல் வைத்திருக்கும் ஆள் ஆபத்து" என்பதை. போத்தல் இல்லாத ஆளைக் கடிக்கும். போத்தல் வைத்திருப்பவர் நீங்கள் என்றால் உங்கள் மடிக்கு வருவதைக் குறைத்துக்கொள்ளும். என்ன செய்யவேண்டும் என்பதை அதற்கு யாரும் காட்டவேயில்லை. ஓடவும் பாயவும் கவ்வவும் உள்ள ஆசை அப்படியே கிடக்கிறது.

கையில் மிளகாய்த்தூள், தைலம், வேப்பெண்ணெய் பூசுவது வேண்டவே வேண்டாம். மிளகாய் கண்ணில் பட்டால் குட்டிக்கு வேதனை. கற்பூரம், யூக்கலிப்டஸ், புதினா எண்ணெய்கள் கலந்த தைலங்களை நக்கினால் பூனைக்கு நஞ்சு. பூனையின் ஈரலால் இப்படிப்பட்ட பொருட்களை எளிதில் உடைத்து வெளியேற்ற முடியாது. இதே காரணத்தால்தான் பல் முளைக்கும் வலிக்கென்று பரசிட்டமோல் ஒரு துண்டுகூடக் கொடுக்கக்கூடாது. குட்டி செத்துப்போகும்.

"ஆ!" என்று கத்துவதைப் பற்றி இரண்டு பக்கமும் சொல்கிறார்கள். சில குட்டிகள் திடுக்கிட்டு விடும், சில இன்னும் உசாராகிவிடும். உங்கள் குட்டி எந்த வகை என்று ஓரிரு தடவையிலேயே தெரிந்துவிடும். விடாவிட்டால் அதைத் தொடரவேண்டாம்.

வேட்டை விளையாட்டும் விலகலும்

இந்த வழிக்குக் காசு குறைவு, பொறுமை கூடுதலாக வேண்டும்.

பின்னேரம் ஆறரை மணிக்குக் காலி வீதி நெரிசலிலிருந்து களைத்து வந்து கதவைத் திறக்கிறீர்கள். பகல் முழுக்க நித்திரை கொண்ட குட்டி அப்போதுதான் முழு உசாரில் இருக்கும். பூனை இனமே விடியலிலும் அந்தியிலும் வேட்டைக்குப் புறப்படுகிற இனம். நடக்கிற உங்கள் கால், ஆடுகிற சாரத்தின் ஓரம், சுடிதார்ச் சால்வையின் நுனி எல்லாம் அதற்கு ஓடுகிற இரை. அந்த நேரத்துக்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தால் கடி பாதியாகக் குறையும்.

கடையில் விற்கிற தூண்டில் மாதிரி விளையாட்டுத் தடி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் விளக்குமாற்றிலிருந்து நாலைந்து ஈர்க்கு எடுத்துச் சேர்த்துக் கட்டி, கூர் நுனியைத் துணியால் நன்றாகச் சுற்றுங்கள். ஒரு முழம் தடித்த கயிறு, அதன் முனையில் எலி அளவுக்கு முடிச்சுப் போட்ட பழைய பருத்தித் துணி. பல்கனிக் கதவைச் சாத்திவிட்டுத் தொடங்குங்கள். பாய்ச்சலில் கம்பிக்கு வெளியே போய்விட்ட குட்டிகள் கொழும்புத் தொடர்மாடிகளில் உண்டு.

துணியைக் குட்டியின் முகத்துக்கு நேரே ஆட்டவேண்டாம். எந்த எலியும் பூனையை நோக்கி வராது. சுவரோரமாக, குட்டியை விட்டு விலகிப் போகும்படி இழுங்கள். கதிரைக் காலுக்குப் பின்னால் மறையட்டும், நிற்கட்டும், இலேசாக நடுங்கட்டும். குட்டி வயிற்றை நிலத்தோடு அமத்தும், கண்மணி கறுத்து விரியும், பின்பக்கம் இரண்டு பக்கமும் ஆடும், பிறகு பாயும். நாலைந்து பாய்ச்சலுக்கு ஒன்றாவது பிடிபடவேண்டும். பிடித்ததை முன்கால்களால் கட்டிக்கொண்டு பின்கால்களால் உதைத்துக் கடிக்க விடுங்கள், உடனே பிடுங்காதீர்கள். உங்கள் முழங்கையில் விழவேண்டிய கடிதான் அது. பத்து நிமிடத்தில் இரையைக் களைக்கச் செய்து மெதுவாக்கி, கடைசித் தடவை பிடிக்கக் கொடுத்து, அந்தக் கையோடு சாப்பாட்டை வையுங்கள். வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்கித் துப்புரவாக்கல், நித்திரை என்பது பூனையின் சொந்த ஒழுங்கு. அதோடு ஒத்துப்போனால் குட்டி தானாகவே அடங்கிப் படுத்துவிடும்.

இதைப் பின்னேரம் ஒரு தடவை, இரவு நீங்கள் படுக்கப் போகுமுன் ஒரு தடவை, முடிந்தால் காலையில் கொஞ்சம் செய்யுங்கள். விடியப்புறம் நாலு மணிக்குக் கால் விரலைக் கடித்து எழுப்புகிற குட்டிக்கு, இரவு விளையாட்டும் அதற்குப் பின்னான சாப்பாடும்தான் மருந்து. பத்து நிமிடத்தில் என்ன ஆகப்போகிறது என்று நினைக்கவேண்டாம். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் ஆட்கள் விளையாட்டுக் காட்டிய பூனைகள் வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த உயிர்கள் 25 வீதம் குறைந்தன. அது வெளியில் திரியும் பூனைகளைப் பற்றிய ஆய்வுதான். ஆனாலும் வேட்டை ஆசைக்கு விளையாட்டு ஒரு வடிகால் என்பதை அது காட்டுகிறது.

விளையாடி முடித்ததும் தடியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். நூல், றப்பர் வளையம், தலைமயிர்ப் பட்டி போன்றவற்றை விழுங்கிய குட்டிக்குக் குடல் சுருண்டு சத்திரசிகிச்சை வரை போகும். லேசர் ஒளியை நான் விரும்புவதில்லை. பிடிக்க ஒன்றும் இல்லாமல் துரத்திய குட்டி, முடிவில் உங்கள் காலைத்தான் பிடிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் கையில் பல் படும். அப்போது செய்யவேண்டியது எங்கள் இயல்புக்கு எதிரானது: கையை இழுக்கக்கூடாது. இழுத்தால் ஓடுகிற இரை, பல்லும் நகமும் இன்னும் ஆழமாகும். அப்படியே அசையாமல் நில்லுங்கள். விடாவிட்டால் கையை இலேசாக அதன் வாய்ப்பக்கமே தள்ளுங்கள், குழம்பிப்போய் விட்டுவிடும். விட்டதும் பேசாமல் எழுந்து அறையை விட்டுப் போய் ஓரிரு நிமிடம் கழித்து வாருங்கள். குட்டியைத் தூக்கிக் குளியலறையில் அடைப்பதைவிட நீங்கள் விலகுவது நல்லது. தூக்குகிற கையிலேயே அடுத்த கடி விழும். ஒற்றை அறை அனெக்ஸில் இருப்பவர்கள் குளியலறைக்குள் தாங்கள் போய் நின்றால் போதும். கடித்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்பதைத்தான் கூடப்பிறந்த குட்டி எழுந்து போய்க் காட்டியிருக்கும், இப்போது நீங்கள் காட்டுகிறீர்கள்.

குட்டியின் உடம்பைவிட நீளமான பழைய காலுறை ஒன்றில் துணி அடைத்துக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கையைக் கட்டிப்பிடிக்க வருகிற நேரம் இடையில் அதைக் கொடுத்துவிடலாம்.

இந்த வழி தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வீட்டில் நாலு பேர் ஒழுங்காக நடக்க, ஞாயிற்றுக்கிழமை வருகிற சித்தப்பா கையை நண்டு மாதிரி ஆட்டிக் குட்டியோடு மல்லுக்கட்டுவார். "சின்னக் கடிதானே, நோகேல்லை" என்பார். அவருக்கு நோகாது, அடுத்த நாள் அதே குட்டி மூன்று வயது மகளின் கன்னத்தில் பாயும். "சித்தப்பா, கையைக் குடுக்காதேங்கோ, இந்தக் காலுறையைப் பிடியுங்கோ" என்று சொல்ல வெட்கப்படவேண்டாம். கை விளையாட்டுச் சாமான் இல்லை என்பதை எல்லாரும் எப்போதும் ஒரே மாதிரிக் காட்டினால்தான் குட்டிக்கு விளங்கும்.

இரண்டாவது குட்டி

கடிக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை என்று சொல்பவர்கள் சரியாகவே சொல்கிறார்கள். இரண்டு குட்டிகள் நாள் முழுக்க ஒன்றையொன்று துரத்தும், கடிக்கும், கத்தும், விட்டுக்கொடுக்கும். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் பத்து மணித்தியாலமும் அந்தப் பயிற்சி நடக்கும். கணவன் மனைவி இரண்டு பேரும் காலையில் போய் இருட்டிய பின் வருகிற வீட்டில், ஒற்றைக் குட்டியைப் பூட்டிவிட்டுப் போவதைவிட இது அந்த உயிருக்கு எவ்வளவோ ஆறுதல்.

ஆனால் எப்போது, எப்படி எடுப்பது என்பதில் எல்லாம் இருக்கிறது. தொடக்கத்திலேயே ஒரே தாயின் இரண்டு குட்டிகளைச் சேர்த்து எடுப்பது மிக நல்லது. முதல் குட்டி நாலைந்து மாதத்துக்குள் இருக்கும்போது ஏறக்குறைய அதே வயதுக் குட்டியைக் கொண்டுவருவது அடுத்தது. பத்து வயதுப் பெரிய பூனை இருக்கிற வீட்டில், அதற்குத் துணையென்று கடிக்கிற குட்டியைக் கொண்டுவருவது கிழவிக்குத் தொல்லை. அப்படிக் கொண்டுவருவதானால் இரண்டு குட்டிகளாக எடுத்தால் அவை தங்களுக்குள் விளையாடிக்கொள்ளும்.

செலவைக் கணக்குப் பார்க்காமல் இறங்கவேண்டாம். சாப்பாடு, மணல், ஊசி, பூச்சிமருந்து, சத்திரசிகிச்சை எல்லாம் இரட்டிப்பு. புதிதாக வருவதை இரண்டு வாரமளவில் வேறு அறையில் வைத்துப் பார்க்கவும் வேண்டும். பன்லூக்கோபீனியா என்ற தொற்றுநோய் ஊசி போடாத குட்டிகளைச் சில நாட்களில் கொண்டுபோய்விடும், படர்தாமரை வீட்டாருக்கும் தொற்றும். வேறு அறையே இல்லாத வீட்டுக்கு இந்த ஒரு காரணமே போதும், வேட்டை விளையாட்டு வழியோடு நின்றுகொள்ளலாம். ஆணும் பெண்ணும் என்றால், அண்ணன் தங்கச்சி என்று பூனை பார்க்காது. பெண்குட்டி நாலு மாதத்திலேயே சினைப்படலாம். சத்திரசிகிச்சைக்கான நாளை மிருக வைத்தியரிடம் முன்பே பேசி வையுங்கள்.

இரண்டாவது குட்டி வந்துவிட்டது என்பதற்காகக் கையைக் கொடுத்து விளையாடுவது சரியாகிவிடாது. அந்தச் சட்டம் அப்படியேதான்.

எந்த வீட்டுக்கு எது

சின்னப்பிள்ளை இருக்கிற வீட்டில் இரண்டாவது குட்டியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் இருப்பதைப் பழக்குங்கள். பிள்ளையும் குட்டியும் தனியாக ஓர் அறையில் இருக்கக்கூடாது. நீளமான தடியால் விளையாட்டுக் காட்டப் பிள்ளைக்குப் பழக்கினால், பிள்ளையின் கைக்கும் குட்டியின் வாய்க்கும் இடையில் தூரம் தானாக வந்துவிடும். நகத்தின் வெள்ளை நுனியை மட்டும் அடிக்கடி வெட்டிவிடுவது பிராண்டலைக் குறைக்கும். கடியோடு அதற்குத் தொடர்பில்லை.

அம்மம்மாவுக்கு நீரிழிவும், இரத்தம் உறையாமலிருக்க மருந்தும் என்றால் சிறு கடியும் சிறு விடயம் அல்ல. அங்கே முடிந்தால் குட்டியே எடுக்காமல், குணம் தெரிந்த இரண்டு மூன்று வயதுப் பூனையை எடுக்கச் சொல்வேன். கொழும்பில் வீடு தேடுகிற பெரிய பூனைகள் நிறைய இருக்கின்றன. அவற்றை யாரும் கேட்பதில்லை, எல்லாருக்கும் குட்டிதான் வேண்டும். மடியில் படுத்துக்கிடக்கிற, கடிக்காத ஒரு பூனை வயதானவருக்கு எவ்வளவு துணையாக இருக்கும்!

இன்னொரு வகைக் கடியை விளையாட்டோடு குழப்பக்கூடாது. தடவிக்கொண்டிருக்கும்போது, சுகமாகக் குறுகுறுத்துக்கொண்டிருந்த குட்டி திடீரென்று திரும்பிக் கடிக்கும். உண்மையில் அது திடீரென்று அல்ல. வால் நுனி துடித்திருக்கும், முதுகுத் தோல் சுளித்திருக்கும், காது பக்கவாட்டில் திரும்பியிருக்கும். போதும் என்று அது சொல்லியாகிவிட்டது. இரண்டு மூன்று நொடி தடவி நிறுத்துங்கள். அது தலையால் முட்டிக் கேட்டால் மட்டும் தொடருங்கள். வயிற்றைத் தொடவேண்டாம்.

மூன்றரை, நாலு மாதத்தில் பால்பல் விழுந்து 30 நிலைப்பல் வரத் தொடங்கும்போது கடி மறுபடி கூடும். வழி தோற்றுவிட்டது என்று அப்போது பலர் கைவிடுகிறார்கள். ஈறு சிவந்து தினவெடுக்கிற காலம் அது. நனைத்துக் குளிரூட்டிய துணியைக் கடிக்கக் கொடுங்கள், மற்றதை மாற்றாமல் தொடருங்கள். ஆறேழு மாதத்தில் பல் முழுவதும் வந்து முடியும். முதலில் கடியின் அழுத்தம் குறையும், எண்ணிக்கை பிறகுதான் குறையும். அதனால் சில வாரங்களுக்குப் பிறகு தோல் கிழிவது நின்றிருந்தால் சரியான பாதையில்தான் போகிறீர்கள்.

சாதுவாக இருந்த குட்டி ஓரிடத்தைத் தொட்டால் மட்டும் கடிக்கிறது, சாப்பிடுவதைக் குறைத்துவிட்டது, வாயில் நாற்றம், காதைச் சொறிந்துகொண்டே இருக்கிறது என்றால் அது வலி. விளையாட்டுத் தடியை வைத்துவிட்டு மிருக வைத்தியரிடம் போங்கள். ஒளிந்துகொண்டு சீறுகிற குட்டிக்கும் இந்த வழிகள் பொருந்தா. அதற்கு முதலில் அமைதியான ஒரு மூலையும், கையால் அல்லாமல் தட்டில் வைக்கிற சாப்பாடும், நேரமும் வேண்டும்.

எல்லாம் செய்தும் உங்கள் வீட்டுக்கு முடியாது என்றால், வேறு வீடு பார்த்துக் கொடுப்பது வெட்கப்படவேண்டியதல்ல. சந்தையடியில் விடுவது மட்டும் கொடுமை. வீட்டுச் சாப்பாட்டுக்குப் பழகிய குட்டி நாய்களுக்கும் வாகனங்களுக்கும் நடுவில் தப்புவது அரிது. அதை எடுக்கிற அடுத்தவரையும் கடிக்கும், ஊசி போட்டதா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியாது. ஏற்கெனவே விளையாட்டுக் குணமுள்ள இளம் பூனை இருக்கிற வீடு கிடைத்தால் கடிக்கிற ஒற்றைக் குட்டிக்கு அதுதான் மிகப் பொருத்தமான இடம். கொடுக்கும்போது எதையும் மறைக்காமல் வயது, நிறை, போட்ட ஊசிகளின் அட்டை, எந்த நேரத்தில் கடிக்கிறது, எதைக் கொடுத்தால் விடுகிறது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இரண்டு கிழமை கழித்து அவர்களுக்கு ஒரு தடவை கோல் எடுத்துக் கேளுங்கள், ஒத்துவராவிட்டால் உங்களிடமே திருப்பித் தரும்படியும் முதலிலேயே சொல்லி வையுங்கள்.